பயிற்சி முடிந்த மறுநாள்

தகவல் தொழில்நுட்பம் நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்து கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1997இல் விவேகப் பள்ளித் திட்டத்தின் வரைவு வெளிவந்தது. 1999இல் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அது முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டபோது, தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினி, எல்.சி.டி. புரொஜெக்டர், பாடக் குறுவட்டுகள் எனக் கருவிகள் வந்து சேர்ந்தன. 2011இன் இறுதியில் 1பெஸ்தாரிநெட் திட்டம் கையெழுத்தானது. ஏறக்குறைய 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைத்து, 'ஃபுரோக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளத்தை எல்லா மாணவர்களுக்கும் வழங்குவது அதன் நோக்கம். அது 2019இல் முடிவுக்கு வந்தது. 2020 ஜூனில் 'டெலிமா' தளம் தொடங்கப்பட்டது.

ஒவ்வொரு முறையும் கருவிகளைத் தொடர்ந்து பயிற்சியும் வந்தது. ஆசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள், மண்டபத்தில் அமர்ந்தார்கள், கையொப்பமிட்டார்கள், சான்றிதழ் பெற்றுத் திரும்பினார்கள். மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு பதில் தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. மெய்நிகர் கற்றல் தளத்தை ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் பயன்படுத்திய அளவு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரை மட்டுமே என்று அது பதிவு செய்தது. அத்திட்டத்தின் முதற்கட்டத்திற்கு மட்டும் 66 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் செலவாகியிருந்தது. இணைய வேகக் குறைவும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வேகமான இணையம் கிடைத்த பள்ளிகளில் எல்லாம் கற்பித்தல் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பழியை ஆசிரியர்கள்மீது போடுவது எளிதாகிவிடுகிறது. 'மூத்த ஆசிரியர்களுக்குக் கணினி வராது', 'மாற்றத்தை விரும்பாதவர்கள்' என்ற பேச்சு நம் பல்கலைக்கழக வளாகத்திலும் கேட்கும். இதே ஆசிரியர்கள்தாம் கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள், புலனக் குழுவில் நாள்தோறும் காணொளி அனுப்புகிறார்கள். எனவே, குறையைப் பயிற்சி நடத்தப்படும் முறையில் தேடுவதே பொருத்தம்.

மண்டபத்தில் கற்றது வகுப்பறைக்குப் போகாதது ஏன்?

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் இருவர்: அமெரிக்கர்களான புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ். 1980 முதல் இருவரும் ஒரே கேள்வியை விடாமல் துரத்தினார்கள். பயிற்சியில் கற்றதை வகுப்பில் உண்மையாகவே செய்பவர்கள் எத்தனை பேர்? 2002இல் வெளிவந்த தங்கள் நூலில் அதற்கு ஓர் அட்டவணை தந்தார்கள். கருத்து விளக்கம் மட்டும் நடந்தால், கற்றதை வகுப்பில் தொடர்ந்து செய்பவர்கள் ஒருவரும் இல்லை. செய்து காட்டினாலும் அப்படியே. பயிற்சிக்கு வந்தவர்களே செய்து பார்த்துப் பின்னூட்டமும் பெற்றால், நூற்றுக்கு 60 பேர் திறனைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், வகுப்பறைக்குக் கொண்டு செல்பவர்கள் 5 பேர்தான். பிறகு ஒருவர் பள்ளிக்கே வந்து, பாடத்தைப் பார்த்து, உடனிருந்து வழிகாட்டும்போது அது 95 ஆகிறது.

இவ்வெண்களை அளந்தெடுத்த துல்லியமான முடிவாகக் கொள்ளக் கூடாது. பல ஆய்வுகளையும் தங்கள் அனுபவத்தையும் வைத்து அவர்கள் கூறிய மதிப்பீடுகள் இவை. பயிற்சிப் பட்டறைகளில் வேதவாக்கைப் போல இவை திரையில் காட்டப்படுவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், பிற்கால ஆய்வுகள் அந்தத் திசையைப் பொய்யாக்கவில்லை. மேத்யூ கிராஃப்ட் முதலிய மூவர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உடனிருந்து வழிகாட்டும் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. கற்பித்தல் தரத்தில் அரைத் திட்டவிலக்கம் அளவுக்கு உயர்வு. மாணவர் அடைவில் அதைவிடச் சிறிய, ஆனால் தெளிவான உயர்வு. ஓர் எச்சரிக்கையும் அதில் உண்டு. நூறு ஆசிரியர்களுக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களில் அந்தப் பயன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. வழிகாட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம், தரத்தை அதே வேகத்தில் பெருக்க முடிவதில்லை.

கால அளவைப் பற்றியும் ஒரு முடிவு உண்டு. 2007இல் குவாங் சுக் யூன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகள் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. நம் மாவட்ட அளவிலான பயிற்சிகளில் பல ஒரே நாளோடு முடிந்துவிடுகின்றன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவை பொதுவாக எல்லாப் பயிற்சிக்கும் பொருந்துபவை. தொழில்நுட்பத்திற்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. புதிய கற்பித்தல் முறை ஒன்று வகுப்பில் சரியாக வரவில்லையென்றால் ஆசிரியர் பழைய முறைக்குத் தாவிவிடலாம், மாணவருக்கு அது தெரியாது. தொழில்நுட்பம் தவறினால் எல்லாருக்கும் தெரிகிறது. திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளை. முப்பது நிமிடம். கம்பியைப் பொருத்தியாயிற்று, திரையில் படம் வரவில்லை. முதல் ஐந்து நிமிடம் மாணவர்கள் பொறுத்துப் பார்க்கிறார்கள், அடுத்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு கைவிட்டுப் போகிறது. இப்படி இரண்டு முறை நடந்தால், மூன்றாம் முறை அந்தப் புரொஜெக்டர் இரும்பு அலமாரியை விட்டு வெளியே வராது. அந்தப் பத்து நிமிடத்தில் 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள் டீச்சர்' என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்தால், ஒரு நாள் பட்டறையைவிட அது பயன்படும்.

கருவியிலிருந்து தொடங்குவதா, பாடத்திலிருந்து தொடங்குவதா?

பெரும்பாலான பயிற்சிகளின் தலைப்பு ஒரு மென்பொருளின் பெயராகத்தான் இருக்கும். முன்பு பவர்பாயிண்ட், பின்னர் ஃபுரோக், அதன்பின் கூகுள் கிளாஸ்ரூம், இப்போது செயற்கை நுண்ணறிவு. பயிற்றுநர் ஒவ்வொரு பட்டியலையும் திறந்து காட்டுவார். ஆசிரியர்கள் குறிப்பெடுப்பார்கள். 'இதை உங்கள் பாடத்திற்கு ஏற்பப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி வரும். உண்மையான வேலை தொடங்குவதே அந்த வரியில்தான். பயிற்சியோ அங்கே முடிந்துவிடுகிறது.

2006இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் ஆகிய இருவர் இதைக் கோட்பாடாக்கினார்கள். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே பெற்றிருந்தால் போதாது. மூன்றும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் அறிவே ஆசிரியருக்குத் தேவை என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் தமிழ் வகுப்பில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களின் உரக்க வாசிப்பை எடுத்துக்கொள்வோம். லகர, ளகர, ழகர வேறுபாட்டில் தடுமாறும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆசிரியர் திருத்தினால் அந்த நொடியில் சரியாகச் சொல்வார்கள், அடுத்த வரியில் பழையபடி வந்துவிடும். தங்கள் குரலைத் தாங்களே கேட்க வாய்ப்பில்லாததும் இதற்கு ஒரு காரணம். இதற்குத் தேவையான தொழில்நுட்பம் கைத்தொலைபேசியில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி மட்டுமே. அதை இயக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால், பயிற்சியில் பேசவேண்டிய செய்திகள் வேறு. எந்தப் பத்தியைப் பதிவு செய்வது? 'பழம்', 'பள்ளம்', 'பல்லி' போன்ற சொற்கள் நெருங்கி வருமாறு அதை எப்படி எழுதுவது? வகுப்பில் 30 பேர் இருந்தால் 30 பதிவுகளையும் எப்போது கேட்பது? நாளுக்கு ஐந்து பேர் என்று பிரித்தால் ஆறு நாளில் ஒரு சுற்று முடியும். மாணவர் தம் பதிவைக் கேட்டுத் தாமே தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமா, இணையராக அமர்ந்து கேட்க வேண்டுமா? கூச்சப்படும் மாணவரை என்ன செய்வது? பதிவுகளை யார் வைத்திருப்பது, பெற்றோரின் இசைவு தேவையா? ஒரு மாதம் கழித்து முதற்பதிவையும் புதிய பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவைத்தால் அந்தக் குழந்தைக்கே முன்னேற்றம் தெரியும்.

இந்த உரையாடலை மென்பொருள் வல்லுநர் நடத்த முடியாது. இரண்டாம் ஆண்டுக்குத் தமிழ் போதித்தவரே நடத்த முடியும். நம் ஆசிரியர்கள் கலந்துகொள்ளும் தொழில்நுட்பப் பயிற்சிகளில் பெரும்பாலானவை எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவானவை. எடுத்துக்காட்டுகள் மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் சார்ந்தவை. விவேகப் பள்ளித் திட்டத்திலேயே பாட மென்பொருள்கள் உருவாக்கப்பட்டது இந்த நான்கு பாடங்களுக்குத்தான். தமிழாசிரியர் அங்கிருந்து எடுத்துவரும் அனைத்தையும் வீட்டில் அமர்ந்து தனியாகத் தமிழுக்கு மாற்றியாக வேண்டியிருக்கிறது.

தட்டச்சு என்னும் பழைய தடை

இங்கே தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். மற்றப் பாட ஆசிரியர் கணினியைத் திறந்தவுடன் எழுதத் தொடங்கிவிடுவார். தமிழாசிரியருக்கு அது நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், ஓர் எழுத்துருவில் தயாரித்த தேர்வுத்தாள் இன்னொரு கணினியில் புரியாத குறிகளாக மாறிவிடும். பயிற்சி நடந்த இடத்தில் ஒரு மென்பொருள், பள்ளியில் வேறொன்று. முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பரவியதும், 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டதும், பின்னர் இயங்குதளங்களிலேயே தமிழ் இடம்பெற்றதும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று எழுத்துருச் சிக்கல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால், பள்ளிக் கணினியில் தமிழ் உள்ளீட்டை இயக்கத் தெரியாமல், கைப்பேசியில் தட்டச்சு செய்து தமக்கே அனுப்பிக் கணினியில் ஒட்டும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழாசிரியர்களுக்கான பயிற்சி எதுவானாலும் முதல் ஒரு மணி நேரம் இதற்கே போகும் என்று முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. அந்த ஒரு மணி நேரத்தை மறந்து போடப்படும் நிகழ்ச்சிநிரல் பிற்பகலுக்குள் குலைந்துவிடும்.

அண்டை நாடு செய்தது

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 1997 ஏப்ரலில் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்திற்கான தன் முதல் பெருந்திட்டத்தை அறிவித்தது. 2 பில்லியன் வெள்ளி ஒதுக்கீடு. 2002க்குள் இரு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு தகவல் தொழில்நுட்பத்தின் துணையுடன் என்பவை இலக்குகள். இதில் நம் கவனத்துக்குரியது பயிற்சி முறை. முதலில் 22 முன்மாதிரிப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அமைச்சின் பயிற்றுநர்கள் பள்ளிக்கே சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். அடுத்த கட்டப் பள்ளிகள் இவற்றின் அனுபவத்தைப் பார்த்துக் கற்றன. 2009இல் தொடங்கிய மூன்றாம் பெருந்திட்டத்தில், பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்களிலேயே சிலரைத் தொழில்நுட்ப வழிகாட்டிகளாக உருவாக்கும் முயற்சி நடந்தது. சக ஆசிரியரிடம் கேட்கக் கூச்சமில்லை, இடைவேளையில் கேட்கலாம், அவருக்கும் அதே மாணவர்களைத் தெரியும்.

சிங்கப்பூரில் பள்ளிகள் 400க்கும் குறைவு. நம் நாட்டில் அவை 10,000க்கு மேல். சபா உட்புறத்தையும் கேமரன் மலையையும் வைத்துக்கொண்டு அதே முறையை அப்படியே நடத்த முடியாது என்பது நியாயமான வாதம். அதனால்தான் நாம் அடுக்கு முறையை நம்பினோம். மத்தியில் முதன்மைப் பயிற்றுநர், அவரிடமிருந்து மாநிலம், பிறகு மாவட்டம், கடைசியில் பள்ளி. புத்ராஜெயாவில் ஐந்து நாள் நடந்த பயிற்சி மாநிலத்தில் மூன்று நாளாகவும், மாவட்டத்தில் ஒரு நாளாகவும், பள்ளியில் மதியக் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரமாகவும் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது செய்து பார்க்கும் நேரம். மிஞ்சுவது விளக்கவுரை மட்டும். ஜாய்ஸ், ஷவர்ஸ் அட்டவணையின் முதல் வரிக்கே திரும்பி வந்துவிடுகிறோம்.

நம் நாட்டிலும் வேறு வழி முயலப்பட்டது. 2003இல் ஆங்கிலத்தில் கணிதம், அறிவியல் போதிக்க ஆசிரியர்களைத் தயார்ப்படுத்தியபோது, பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியர் ஒருவர் துணைநிற்கும் 'தோழர் முறை' அதன் அங்கமாக இருந்தது. 2013இல் கெடாவிலும் சபாவிலும் தொடங்கி நாடு முழுவதும் விரிந்த எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ் வழிகாட்டிகள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்கே வருகிறார்கள். தொழில்நுட்பம் அவர்களின் முதன்மைப் பணியன்று. ஆனால், வழிகாட்டி பள்ளிக்கு வரும் ஏற்பாடு நம்மாலும் முடியும் என்பதற்கு அது சான்று.

சிறிய பள்ளியின் கணக்கு

500க்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைந்தவை. எட்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அவர் வகுப்பை இன்னொருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அதுவும் பெரும்பாலும் வயதில் இளையவரை, 'அவருக்குத்தான் கணினி வரும்' என்று. அவர் திரும்பி வந்து பேச ஆளில்லை. ஓரிரு ஆண்டில் மாற்றலாகிப் போய்விட்டால் அந்தப் பள்ளி பெற்ற பயிற்சியும் அவரோடு போய்விடுகிறது. என் கருத்தில், பத்துப் பயிற்சிக்கு ஒருவராக அனுப்புவதைவிட ஐந்து பயிற்சிக்கு இருவராக அனுப்புவது மேல். அதிலும் ஒருவர் மூத்த ஆசிரியராக இருக்கட்டும். பாடம் எங்கே தட்டும் என்பது அவருக்குத் தெரியும். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது இளையவருக்குத் தெரியும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நடந்ததையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். பல ஆண்டுப் பயிற்சியில் வராதது சில வாரங்களில் வந்தது. காரணம் அச்சம் மட்டுமன்று. நாளைக் காலை பாடம் இருந்தது; தெரிந்த ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கிடைத்தார்; கற்றதை மறுநாளே செய்து பார்த்துத் தவறினால் அன்றிரவே மீண்டும் கேட்க முடிந்தது. தேவை, துணை, உடனடிப் பயிற்சி மூன்றும் ஒன்றுசேர்ந்தன. அதே வேளையில், மாணவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று அவ்வாண்டு கல்வியமைச்சின் ஆய்வு கூறியது. ஆசிரியர் எவ்வளவு கற்றிருந்தாலும் அந்தக் குழந்தைகளிடம் அது போய்ச்சேர வழியில்லை. பள்ளிகள் மீண்டும் திறந்தபின், கற்ற பழக்கங்களில் எவை நின்றன, எவை கழன்றன என்பதைத் தனியே ஆராயலாம். கல்வியியல் பயிலும் நம் உறுப்பினர்களுக்கு இது நல்ல ஆய்வுத் தலைப்பு.

பயிற்சியின் பயனை எப்படி அளக்கிறோம் என்பதும் முக்கியம். இறுதி நாளில் தரும் படிவம், 'பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா, உணவு நன்றாக இருந்ததா' என்று கேட்கிறது. டானல்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிநிலைகளில் இது முதற்படி மட்டுமே. கற்றார்களா, பணியில் மாறினார்களா, விளைவு உண்டா என்ற மற்ற மூன்றும் கேட்கப்படுவதில்லை. ஆறு வாரம் கழித்து, 'எத்தனை பாடத்தில் பயன்படுத்தினீர்கள், எங்கே தடைப்பட்டது' என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும்.

இந்தப் பேச்சு நம் பேரவைக்கும் உரியது. பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் விடுமுறையில் தமிழ்ப்பள்ளிகளில் கணினிப் பட்டறை நடத்துவது வழக்கம். ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், அறுபது ஆசிரியர்கள், மாலையில் குழுப்படம். அதே பேருந்துச் செலவில் நான்கு மாணவர்கள் இரண்டு பள்ளிகளுக்கு ஒரு பருவத்தில் நான்கு முறை போகலாம். முதல் முறை எதையும் கற்பிக்காமல், ஆசிரியர்கள் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள், பள்ளியில் எந்தக் கணினி இயங்குகிறது, தமிழ் உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். இரண்டாம் முறை, அடுத்த வாரப் பாடம் ஒன்றை ஆசிரியருடன் சேர்ந்து தயாரிக்கலாம். மூன்றாம் முறை, அந்தப் பாடம் நடக்கும்போது வகுப்பின் பின்வரிசையில், கம்பியும் மாற்றுக் கணினியும் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கலாம். நான்காம் முறை போகும்போது, நம்மை அழைக்காமலே அவர் நடத்திய பாடங்கள் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பள்ளிப் பாடவேளையில் வகுப்புக்குள் அமர்வதற்குத் தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கடிதம் போய்வர நாளாகும் என்பதால் பருவத்தின் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.